லைன் இருக்கு, உள்ளேதான் விட மாட்டேங்குது

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். வைஃபை பெயர் திரையில் தெரிகிறது, கடவுச்சொல்லும் சரி, ஆனால் கணினி உள்ளே போகவில்லை. லிட்டில் இந்தியாவில் என் பழுதுபார்க்கும் கடைக்கு வருகிறவர்கள் இதைச் சொல்லும் விதமே தனி: "லைன் இருக்கு அக்கா, உள்ளேதான் விட மாட்டேங்குது." அதனால் இந்த இதழை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன். பிரிண்டர் மை பற்றிக் கேட்ட தைப்பிங் அண்ணன் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: போன வாரம் டெக்னீஷியன் வந்து புது மோடம் போட்டுவிட்டுப் போனார். வைஃபை பெயர் பழைய பெயரேதான். வீட்டில் நான்கு கைப்பேசிகளும் ஓடுகின்றன. மகளின் லேப்டாப் மட்டும் இணைய முடியவில்லை என்கிறது. கடவுச்சொல்லைப் பத்துத் தடவையாவது போட்டிருப்போம். 2014-இல் அவள் அண்ணனுக்கு வாங்கியது, விண்டோஸ் 10. மகளுக்கு இந்த ஆண்டு எஸ்பிஎம் தேர்வு. புதிது வாங்கத்தான் வேண்டுமா? (வாசகி, ஜெலுத்தோங்)

பதில்: இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீர்கள் அம்மா. முதலில் ஒரு சங்கதி. நாம் எல்லாரும் மோடம் என்று சொல்வது உண்மையில் ரூட்டரை. நானும் கடையில் மோடம் என்றுதான் சொல்கிறேன், ஒவ்வொருவரையும் திருத்திக்கொண்டிருந்தால் வியாபாரம் நடக்காது. இங்கே மட்டும் ரூட்டர் என்று எழுதுகிறேன்.

நீங்கள் கடவுச்சொல்லைப் போட்டதும் அது அப்படியே காற்றில் பறந்து ரூட்டருக்குப் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படிப் போவதில்லை. டபிள்யூபிஏ2 என்ற வழக்கமான வைஃபை பாதுகாப்பு முறையில் ரூட்டர் ஓர் எண்ணை அனுப்பும். லேப்டாப் தன் பங்குக்கு ஓர் எண்ணைச் சேர்த்து, கடவுச்சொல்லிலிருந்து உண்டாக்கிய சாவியால் ஒரு முத்திரை குத்தித் திருப்பி அனுப்பும். ரூட்டர் தன்னிடம் உள்ள சாவியால் அதே முத்திரையைக் குத்திப் பார்க்கும். ஒத்துப்போனால் கதவு திறக்கும். ஒத்துப்போகாவிட்டால் "தப்பு" என்று அது சொல்லாது. வந்ததைக் குப்பையில் போட்டுவிட்டு, தன் எண்ணை இன்னும் சில முறை அனுப்பிப் பார்த்துவிட்டு, துண்டித்துவிடும். இந்தப் பக்கம் காத்திருந்த லேப்டாப்புக்குப் பதில் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும். "கடவுச்சொல் தவறாக இருக்கலாம்" என்று திரையில் வருவது அதன் ஊகம். இதைப் புரிந்துகொண்டால் அதே சொல்லைப் பதினோராவது தடவை போட மாட்டீர்கள்.

உங்கள் வீட்டில் நான்கு கைப்பேசிகள் உள்ளே போகின்றன. ஆக, கடவுச்சொல் சரி, ரூட்டர் சரி. கோளாறு இந்த லேப்டாப்புக்கும் அந்த ரூட்டருக்கும் நடுவில். எனக்குச் சந்தேகம் இரண்டு.

பெயர் மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய ரூட்டரின் விவரத்தை லேப்டாப் அந்தப் பெயரில் இன்னும் வைத்திருக்கும், அதை வைத்துக்கொண்டே புதியதோடு பேசப் பார்க்கும். செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் வைஃபை, அதில் மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ். உங்கள் வைஃபை பெயரைத் தேடி ஃபர்கெட் அழுத்துங்கள். அப்புறம் புதிதாக இணையுங்கள். என் கடைக்கு இதற்காக வருகிற லேப்டாப்களில் பல இந்த ஒரு அழுத்தலிலேயே வீடு திரும்பிவிடும். நான் காசு வாங்குவதில்லை, தேநீர் வாங்கிக் கொடுத்தால் குடிப்பேன்.

அதற்கும் மசியாவிட்டால் அடுத்த சந்தேகம், பாதுகாப்பு முறை. 2004-இல் வந்த டபிள்யூபிஏ2 நெடுங்காலம் போதுமானதாக இருந்தது. 2018-இல் டபிள்யூபிஏ3 வந்தது, அதில் கைகுலுக்கும் விதமே, அதாவது மேலே சொன்ன முத்திரைப் பரிமாற்றமே, வேறு. புது ரூட்டரில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் 2014 லேப்டாப்புக்கு அந்தப் பேச்சு புரியாது. விண்டோஸ் 10-க்கு 2019 முதல் அந்த முறை தெரியும் என்றாலும், உள்ளே இருக்கும் வைஃபை கார்டுக்கும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2014 கார்டிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ரூட்டரின் அடியில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 போல ஒரு முகவரியும், உள்ளே நுழையப் பெயரும் சொல்லும் இருக்கும். கைப்பேசி பிரவுசரிலேயே திறந்து, வயர்லெஸ் செக்யூரிட்டி என்ற இடத்தில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றுங்கள். கலந்த முறையிலும் தடுமாறும் பழைய கார்டுகள் உண்டு. அப்போது ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் என்ற தனி வைஃபை ஒன்றைத் திறந்து, அதற்கு மட்டும் டபிள்யூபிஏ2 வைத்து மகளுக்குக் கொடுத்துவிடுங்கள். கீழே தகவலைப் பூட்டும் முறை டிகேஐபி-யா, ஏஇஎஸ்-ஸா என்று கேட்டால் ஏஇஎஸ். டிகேஐபி பழைய சரக்கு, பாதுகாப்பும் குறைவு, வேகத்தையும் 54 மெகாபிட்டுக்குள் கட்டிவிடும். இவை எதுவுமே சரிப்படாவிட்டால் யுஎஸ்பி-யில் செருகும் சின்ன வைஃபை அடாப்டர் ஒன்று, டபிள்யூபிஏ3 தெரிந்ததாக, கொம்தார் பக்கம் கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவை நிறுத்திவிட்டது, அந்தக் கவலை தனி. தேர்வு முடியட்டும்.

கைப்பேசியே உள்ளே போகாதவர்களுக்கு ஒரு சங்கதி. கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்தில் ஒரு கண் படம் இருக்கும். அதை அழுத்தினால் நீங்கள் அடித்தது எழுத்தாகத் தெரியும். ஃபார்லிம் பக்கமிருந்து ஒரு பெரியவர் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு மூன்று தடவை பஸ் ஏறி வந்தார். என் கடையில் உடனே இணையும், அவர் வீட்டில் மட்டும் இணையாது. ரூட்டர்தான் கெட்டது என்று நானும் சாதித்தேன். மூன்றாவது தடவை அவரையே என் முன்னால் வீட்டுக் கடவுச்சொல்லை நோட்பேடில் அடிக்கச் சொன்னேன். யூ அடித்தால் 4 விழுகிறது, ஐ அடித்தால் 5, ஓ அடித்தால் 6. பழைய சின்ன லேப்டாப்களில் நம்லாக் விழுந்துவிட்டால் வலப்பக்கத்து எழுத்துகள் எண்ணாகிவிடும். பேரன் கைவேலை. பெரியவர் அதில் பேப்பர் படிப்பதோடு சரி, எதையும் அடிப்பதில்லை, அதனால் தெரியவில்லை. என் கடை வைஃபை கடவுச்சொல் வெறும் எண்கள், அவருடையதில் எழுத்துகள். முதல் நாளே கண் படத்தை அழுத்தியிருந்தால் அந்த மனிதருக்கு இரண்டு பஸ் பயணம் மிச்சமாகியிருக்கும். இன்றுவரை எனக்கு அந்தக் கூச்சம் போகவில்லை.

கேள்வி: பழைய கடைவீடு எங்களுடையது. முன் ஹாலில், விண்டோஸுக்குப் பதில் உபுண்டு ஓடும் லேப்டாப் நன்றாக இணைகிறது. பின்கட்டுக்குக் கொண்டுபோனால் திரும்பத் திரும்பக் கடவுச்சொல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டு கோடு சிக்னல் காட்டுகிறதே? ஹாலில் சரியாக இருக்கும் கடவுச்சொல் சமையலறையில் எப்படித் தப்பாகும்? (வாசகர், ஜார்ஜ் டவுன்)

பதில்: கேட்டீர்களே ஒரு கேள்வி! தப்பாகவில்லை ஐயா. மேலே சொன்ன முத்திரை விளையாட்டையே நினைத்துப் பாருங்கள். நம் கடைவீடுகள் முன்பக்கம் குறுகி, உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீண்டு போகின்றன. சுண்ணாம்பு பூசிய தடித்த செங்கல் சுவர், நடுவில் முற்றம், அதைத் தாண்டி இன்னொரு சுவர், அதையும் தாண்டினால்தான் உங்கள் சமையலறை. திரையில் தெரியும் இரண்டு கோடு, ரூட்டரின் குரல் உங்கள் காதில் எவ்வளவு விழுகிறது என்பதற்கான கணக்கு. உங்கள் லேப்டாப்பின் குரல் ரூட்டருக்குக் கேட்கிறதா என்பதற்குக் கோடு எதுவும் இல்லை. லேப்டாப்பின் குரல் பெரும்பாலும் ரூட்டருடையதைவிட மெலிசு. முத்திரை வழியிலேயே தொலைந்து போகிறது, ரூட்டர் காத்திருந்து துண்டிக்கிறது, உபுண்டு அதைத் தப்பான கடவுச்சொல் என்று எடுத்துக்கொண்டு உங்களையே மறுபடி கேட்கிறது. பதிவேட்டைத் திறந்து பார்த்தால் காரண எண் 15 என்றிருக்கும். கைகுலுக்கல் நேரத்துக்குள் முடியவில்லை என்று அதற்குப் பொருள். தப்பான கடவுச்சொல்லுக்கும் இதே எண்தான் வரும், அதனால்தான் குழப்பம்.

சோதிப்பது எளிது. ஹாலில் இணைத்துக்கொண்டு, ஏதாவது பாட்டை ஓடவிட்டு, மெல்லப் பின்னால் நடங்கள். சமையலறை வரை பாட்டு திக்கித் திணறியாவது வந்து, அங்கே துண்டித்து மறுபடி இணைக்கும்போது மட்டும் மறுத்தால் சந்தேகமே இல்லை, தூரமும் சுவரும்தான். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும், பின்கட்டுக்கு 2.4-ஐத் தேர்ந்தெடுங்கள். ரூட்டரை வாசல் ஓரத்து அலமாரியிலிருந்து முற்றத்துப் பக்கம் நகர்த்த முடிந்தால் அதுவே பெரிய மாற்றம். கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் ஒரு வயர் இழுத்துப் பின்னால் வைஃபை பரப்பும் பெட்டி, அதாவது ஆக்சஸ் பாயின்ட், இன்னொன்று வைப்பதைத்தான் நான் சொல்வேன். சுவரில் செருகும் ரிப்பீட்டர் ஏற்கெனவே இருக்கிறதா? இருந்தால் அதில் பழைய கடவுச்சொல்லே கிடக்கும் வாய்ப்பு உண்டு. ரூட்டரில் சொல்லை மாற்றுகிறவர்கள் ரிப்பீட்டரை மறந்துவிடுவார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல் என்றால் ஹாலில் சரி, சமையலறையில் நிஜமாகவே தப்பு!

கேள்வி: வைஃபைக்கு முருகன் துணை என்று தமிழில் பெயர் வைக்கப் பார்த்தேன், ரூட்டர் ஏற்கவில்லை. அம்மா வீடு என்றதும் ஏற்றுக்கொண்டது. முருகன் மேல் அதற்கு என்ன கோபம்? கடவுச்சொல்லையும் தமிழில் வைக்கலாமா? (வாசகர், கெப்பாளா பத்தாஸ்)

பதில்: உங்கள் கடிதத்தைக் கடையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். வைஃபை பெயருக்கு 32 பைட் மட்டுமே இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று, அதிலும் ‘மு’ என்பது ம தனி, உகரக் கொம்பு தனி என்று இரண்டு குறி. முருகன் துணையில் பதினொரு குறி, நடுவில் ஓர் இடைவெளி, ஆக 34 பைட். இரண்டு அதிகம். அம்மா வீடு 28-இல் அடங்கிவிடுகிறது. இடைவெளியை எடுத்தாலும் முருகன் 33, மயிரிழையில் வெளியே. ‘வேல்’ என்று வையுங்கள், அவரேதான்.

கடவுச்சொல்லைத் தமிழில் வைக்காதீர்கள். டபிள்யூபிஏ2-இல் அது 8 முதல் 63 வரையிலான ஆங்கில எழுத்து, எண், குறிகளாக இருக்க வேண்டும் என்பது விதி. சில ரூட்டர் தமிழையும் வாங்கிக்கொள்ளும், அப்புறம் பிரிண்டரும் பழைய லேப்டாப்பும் வெளியே நிற்கும். இன்னொன்று: டபிள்யூபிஏ2 சாவி கடவுச்சொல்லிலிருந்து மட்டும் வருவதில்லை. வைஃபை பெயரையும் சேர்த்து 4096 முறை அரைத்து எடுப்பது அது. பெயரில் பெரிய எழுத்து சிறிய எழுத்தானாலும் சாவி வேறு. பெயரைக் கையால் அடித்து இணைக்கிறவர்கள், முக்கியமாகப் பெயரை மறைத்து வைத்திருப்பவர்கள், இதை மனதில் வையுங்கள்.

கேள்வி: பல்கலைக்கழக விடுதியில் இருக்கிறேன் அக்கா. பல்கலைக்கழகங்களின் பொது வைஃபையான எடுரோம் கைப்பேசியில் வருகிறது, லேப்டாப்பில் வராது. விடுமுறைக்கு இரண்டு மாதம் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை, அதற்கு முன் நன்றாகத்தான் இருந்தது. நண்பன், சர்ட்டிஃபிகேட் சரிபார்ப்பதை நிறுத்திவிடு, வேலை செய்யும் என்கிறான். செய்யலாமா? (மாணவர், கோலாலம்பூர்)

பதில்: நண்பன் சொன்னதைச் செய்யாதீர்கள் தம்பி. காரணம் பின்னால் சொல்கிறேன். முதலில் லேப்டாப்பின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள்.

வீட்டு வைஃபையில் எல்லாருக்கும் ஒரே சாவி, தேதி எதுவானாலும் அதற்குக் கவலையில்லை. எடுரோம் அப்படியல்ல, ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல். உங்கள் கடவுச்சொல்லை வாங்குவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் சர்வர், தான் யார் என்பதற்கான சான்றாகத் தன் சர்ட்டிஃபிகேட்டை நீட்டும். இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை செல்லும் என்று அதில் இருக்கும். இரண்டு மாதம் மூடிக் கிடந்த பழைய லேப்டாப்பில் பேட்டரி தீர்ந்து, உள்ளே கடிகாரத்தைக் காக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியும் ஓய்ந்திருந்தால் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். இன்றைய சர்ட்டிஃபிகேட் அதன் கண்ணுக்கு இன்னும் பிறக்கவே இல்லை, ஆகவே மறுக்கிறது. இணையம் வந்தால் தேதி தானே சரியாகும், தேதி சரியானால்தான் இணையம் வரும். கைப்பேசியிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்து நேரத்தைச் சரிசெய்யுங்கள், அல்லது கையாலேயே மாற்றுங்கள். மறுநாளும் தேதி பின்னால் போனால் பட்டன் பேட்டரியை மாற்ற வேண்டும். சில வெள்ளிதான், பிளாசா லோ யாட்டில் நின்றபடியே போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

தேதி சரியாக இருந்தால் பயனர் பெயரைப் பாருங்கள். மாணவர் எண் மட்டும் போதாது, பின்னால் அட் குறியும் பல்கலைக்கழக முகவரியும் வேண்டும். எடுரோம் 2002-இல் நெதர்லாந்தில் பிறந்த யோசனை. வேறு வளாகத்துக்குப் போனாலும் உங்கள் ஊர் சர்வரையே தேடிப்போய்க் கேட்பதற்கு அந்த வால் பகுதிதான் வழிகாட்டி. விடுமுறையில் கடவுச்சொல் மாற்றினீர்களா? கைப்பேசியில் புதியதைப் போட்டிருப்பீர்கள், லேப்டாப் பழையதையே வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருக்கும். நான் ஒரு கல்லூரியின் கணினி அறையில் வேலை செய்த காலத்தில் இதற்கு நேர்மாறாக நடக்கும். பைக்குள் கிடக்கும் கைப்பேசி பழைய சொல்லோடு தட்டித் தட்டியே பையனின் கணக்கைப் பூட்டிவிடும். பையன் எங்களைத் திட்டுவான்.

இப்போது நண்பன் சொன்னது. சரிபார்ப்பை நிறுத்தினால், எடுரோம் என்று பெயர் வைத்த எந்தப் பெட்டியையும் உங்கள் லேப்டாப் நம்பிவிடும். மாமாக் கடையில் பக்கத்து மேசைக்காரன் அப்படி ஒன்றைத் திறந்து வைத்திருந்தால், உங்கள் கடவுச்சொல்லின் முத்திரை அவன் கையில். அந்த முத்திரையைக் குத்தப் பல இடங்களில் பயன்படும் எம்எஸ் சாப் என்ற பழைய முறையை ஒரே நாளில் உடைக்கலாம் என்று 2012-இலேயே செய்து காட்டிவிட்டார்கள். அந்தக் கடவுச்சொல்தானே உங்கள் மின்னஞ்சலுக்கும் தேர்வு முடிவுக்கும்? பழைய அமைப்பை ஃபர்கெட் செய்துவிட்டு, பல்கலைக்கழகம் தரும் எடுரோம் அமைப்புக் கோப்பைப் போடுங்கள். சர்வர் பெயர், சர்ட்டிஃபிகேட் எல்லாம் அதுவே வைத்துவிடும்.

கேள்வி: எங்கள் சங்க அலுவலகத்தில் உறுப்பினர்களின் புதுக் கைப்பேசிகளை வைஃபை சேர்ப்பதில்லை. பழைய கைப்பேசிகள் சேர்கின்றன. கடவுச்சொல் ஒன்றுதான். (செயலாளர், பிறை)

பதில்: யாரோ முன்பு ரூட்டரில் மேக் ஃபில்டர் போட்டிருக்கிறார்கள். பட்டியலில் உள்ள கருவி எண்களை மட்டும் விடுவது அது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைப்பேசிகள் தங்கள் நிஜ எண்ணைக் காட்டாமல் வைஃபைக்கு வைஃபை வேறு எண்ணைக் காட்டுகின்றன. பட்டியலை எடுத்துவிடுங்கள் ஐயா. அந்த எண் காற்றில் வெளிப்படையாகப் பறக்கிறது, அதை நம்பிப் பூட்டுப் போடுவதில் அர்த்தமில்லை. நல்ல நீளமான கடவுச்சொல் ஒன்று வையுங்கள்.

கேள்வி: சாப்பாட்டுக் கடையில் வைஃபை இணைந்துவிட்டது என்று காட்டுகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை. (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள், கல்லாவில் இன்னும் பெயர் கொடுக்கவில்லை. விபிஎன் இருந்தால் அணைத்துவிட்டு பிரவுசரைத் திறந்தால் கடையின் பக்கம் வரும். அது கேட்கும் எண் பெரும்பாலும் ரசீதின் அடியில் இருக்கும். ரொட்டி சானாய் வரும்வரை ரசீதைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.